உழவைக் குறைத்தால் களை கூடுமா, குறையுமா? பயிர்ச்சுழற்சியோடு சேர்த்துப் பேசலாம்

கரிசல் உழவன்

வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் நிலத்தில், பாதி மானாவாரியாகவும் பாதி கிணற்றுப் பாசனத்திலும் பயிர் செய்கிறேன். முன்பு பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று மாறி மாறி வந்த காடு, ஆள் பற்றாக்குறையாலும் கோழித்தீவனத்துக்கான தேவையாலும் இப்போது ஏறக்குறைய மக்காச்சோளக் காடாகவே ஆகிவிட்டது. டீசல் விலையையும் ரோட்டவேட்டர் (சுழல்கலப்பை) வாடகையையும் பார்த்துவிட்டு, கிணற்றுப் பாசனப் பகுதியில் மட்டும் உழவை நிறுத்தி, அறுத்த தாள்களுக்கு இடையிலேயே குழி போட்டு விதை ஊன்றி வருகிறேன்.

மண்ணில் ஈரம் முன்பைவிட நன்றாக நிற்கிறது. மழைக்குப் பின் மேல்மண் இறுகுவதும் குறைந்திருக்கிறது. ஆனால் களைகள் மாறிவிட்டன. சாரணையும் தொய்யக்கீரையும் குறைந்த இடத்தைக் கோரையும் அருகும் பிடித்துக்கொண்டன. விதைத்த கையோடு தெளிக்கும் அட்ரசின் களைக்கொல்லி இவை இரண்டையும் ஒன்றும் செய்வதில்லை. மீண்டும் கலப்பையை இறக்குவதுதான் வழியா, அல்லது பயிரை மாற்றினாலே இது சரியாகுமா? செய்து பார்த்தவர்களும் படித்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

மேழி

தம்பி, சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது காரணத்தோடுதான். கோடை மழை ஒன்று கிடைத்ததும் சட்டிக்கலப்பையால் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டு, அக்னி நட்சத்திர வெயில் முழுவதையும் அந்தக் கட்டிகள் வாங்கும்படி விட்டுவிட்டால், கோரைக்கிழங்கு காய்ந்து சுருங்கிச் சருகாகிவிடும். திண்டுக்கல் பக்கம் எங்கள் தோட்டங்களில் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறோம். உழவே வேண்டாம் என்று சொல்கிறவர்கள், கோரை மண்டிய காட்டில் ஒரு பருவம் களை வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வேர்முடிச்சு

கரிசல் உழவன் அவர்களே, உங்கள் காட்டில் நடந்திருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். களை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசாமல், ஒவ்வொரு களையும் எதைக் கொண்டு அடுத்த பருவத்துக்குத் தப்பிச் செல்கிறது என்று பிரித்துப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும்.

சாரணை, தொய்யக்கீரை, காக்காய்க்கால் புல், பார்த்தீனியம் முதலிய ஒரு பருவக் களைகள் விதையை மட்டுமே நம்பியிருப்பவை. இவற்றில் பெரும்பாலானவை மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருந்தால்தான் முளைத்து வெளியே வர முடியும். மிகச் சிறிய விதைகளுக்கு அந்த ஆழமே அதிகம். பல விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கலப்பை மண்ணைப் புரட்டும்போது ஒரு கணம் படும் வெளிச்சமே சிலவற்றை எழுப்பிவிடும். ஆகவே உழவு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: மேலே உதிர்ந்த புது விதையை ஆழத்துக்கு அனுப்புகிறது, முன்பு புதைந்த பழைய விதையை மேலே கொண்டுவருகிறது. உழவை நிறுத்தினால் புதைந்தது புதைந்தபடியே கிடந்து ஆண்டுக்கு ஆண்டு உயிர்ப்பை இழக்கும். புதிதாக உதிர்வது மேற்பரப்பிலேயே கிடக்கும். மேற்பரப்பில் கிடக்கும் விதையை எறும்பும் வண்டும் சில்வண்டும் எலியும் தின்னும். வெயிலும் பனியும் அதன் தோலைச் சிதைக்கும். மிஞ்சியதில் பெரும்பகுதி முதல் இரண்டு மழைகளிலேயே முளைத்துவிடும். எனவே களையை விதைக்கு விடாமல் பார்த்துக்கொள்ளும் காட்டில் உழவின்மை ஒரு பருவக் களைகளைச் சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைத்துவிடும். விதைக்கு விட்ட காட்டிலோ அதே உழவின்மை களையைப் பாயாக விரித்துவிடும். உங்கள் காட்டில் சாரணை குறைந்தது நீங்கள் விதைக்கு விடாததால்தான் என்று நினைக்கிறேன்.

கோரையின் கதை வேறு. ஈரம் இருக்கும்போது ஒரு கோரைச் செடியைப் பிடுங்காமல், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, மண்ணை மெதுவாக உதிர்த்துப் பாருங்கள். இலைக்கொத்துக்கு அடியில் வெங்காயம் போல் ஒரு சிறு உப்பல் இருக்கும். அதிலிருந்து கம்பி போன்ற ஒரு வேர்த்தண்டு இறங்கிக் கறுத்த கிழங்கு ஒன்றில் முடியும். அந்தக் கிழங்கிலிருந்து மற்றொரு கம்பி, அதன் முனையில் இன்னொரு கிழங்கு என்று சங்கிலி நீளும். மேலே துளிர்த்திருப்பது பெரும்பாலும் அந்தச் சங்கிலியில் ஒன்றோ இரண்டோதான். மற்றவை, முன்னால் துளிர்த்ததன் ஆதிக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. கையால் பிடுங்கினால் கம்பி அறுந்து செடி மட்டும் கையோடு வரும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் சங்கிலி துண்டு துண்டாகி, உறங்கிய கிழங்குகள் எல்லாம் தனித்தனியாகத் துளிர்க்கும். அந்த இயந்திரமே அவற்றைக் காடு முழுவதும் பரப்பியும் விடும். மேழி ஐயா சொல்லும் கோடை உழவில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், கட்டியோடு வெளியே வந்த கிழங்கு வேரின் ஈரம் அற்று, வெயிலில் காய்ந்து சாகிறது. இரண்டையும் உழவு என்றே சொல்கிறோம்; ஒன்று கோரையைக் கொல்கிறது, மற்றொன்று வளர்க்கிறது.

உங்கள் கேள்விக்கு என் சுருக்கமான பதில் இதுதான். கலப்பை செய்துவந்த களைவேலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் கலப்பையை நிறுத்த முடியும். அந்த வேலையை வாங்கிக்கொள்ளக் கூடியது பயிர்ச்சுழற்சி. சுழற்சியும் இல்லாமல் உழவும் இல்லாமல் ஒரே மக்காச்சோளம், ஒரே அட்ரசின் என்று போனால், அந்த மருந்துக்கு அடங்காத களை எதுவோ அதுதான் காட்டை ஆளும்.

இளவேனில்

நான் கோவையில் உழவியல் படிக்கிறேன். வேர்முடிச்சு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, பாதுகாப்பு வேளாண்மைக்கு மூன்று அடிப்படைகளைச் சொல்கிறது: மண்ணை மிகக் குறைவாகக் கலைப்பது, விதைத்த பிறகும் நிலத்தில் குறைந்தது 30 விழுக்காடாவது தாள், தட்டை, சருகு மூடியிருப்பது, பயிரை மாற்றிக்கொண்டே இருப்பது. நம் ஊரில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம் என்பது என் கணிப்பு. கரிசல் உழவன் அண்ணா, அறுவடைக்குப் பிறகு உங்கள் மக்காச்சோளத் தட்டை எங்கே போகிறது?

கரிசல் உழவன்

மாட்டுக்குத்தான் போகிறது, சகோதரி. மிச்சத்தை ஆடுகள் மேய்ந்துவிடும், கிடையும் போடுகிறோம். அடித்தாள் தவிர நிலத்தில் எதுவும் நிற்பதில்லை.

இளவேனில்

அப்படியானால் உங்கள் காட்டில் இப்போது இருப்பது வெறும் உழவின்மை மட்டுமே. மூடாக்கு, அதாவது நிலத்தை மூடும் தாளும் தட்டையும், இருந்தால்தான் வெளிச்சம் தடைபட்டு, மண்ணின் வெப்ப ஏற்ற இறக்கம் குறைந்து, சிறு விதைக் களைகள் முளைப்பது குறையும். அதே நேரம், முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லியில் ஒரு பகுதியைத் தட்டையே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு மருந்தின் அளவைக் கூட்டுவது தீர்வாகாது.

கோரைக்கு மட்டும் மூடாக்கு பயன்படாது. அதன் முளை ஊசி போன்றது. வெங்காயத்துக்கும் தர்பூசணிக்கும் விரிக்கும் பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறது.

வடவாற்றங்கரை

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாதுகாப்பு உழவு என்று இன்று புதிதாகச் சொல்லப்படுவதை டெல்டாவில் நெல் தரிசு உளுந்து என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்துவருகிறோம். சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவோம். உழவும் இல்லை, பாசனமும் இல்லை; மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் பயிர் வந்துவிடும். இதற்கென்றே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏடிடி 3 என்ற உளுந்து ரகத்தை இங்கே அறியாதவர் இல்லை.

களையைப் பொறுத்தவரை இந்த முறையின் பலம் உழவின்மை மட்டுமல்ல. தண்ணீரும் காய்ச்சலும் மாறி மாறி வருவதுதான் என்பேன். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் சேற்றில் காட்டுக்கோரையும் அருகும் நிலைப்பதில்லை. மாசி, பங்குனியில் நிலம் வெடிப்பு விட்டுக் காயும்போது வட்டக்கோரை, நீர்க்கிராம்பு போன்ற நீர்க்களைகள் வளர வழியில்லை. இரண்டு பருவத்தையும் தாண்டி வருவது குதிரைவாலிப் புல்தான். அது சேற்றிலும் வரும், ஈரத் தரிசிலும் வரும். அதோடு, அறுத்த நெல் தாளிலிருந்து வரும் மறுதுளிர், உளுந்துக்குக் களையைப் போலவே ஈரத்தைத் தின்றுவிடுகிறது.

இப்போது இதைக் கெடுத்திருப்பது அறுவடை முறை. ஆள் கொண்டு அறுத்த காலத்தில் தாள் அடியோடு போகும். விதைத்த உளுந்தின் மேல் காலடி மட்டும்தான் படும். இயந்திரம் வந்த பிறகு, அறுவடைக்கு முன் விதைத்த உளுந்து முளைவிட்ட நிலையில் பட்டைச் சக்கரத்தின் அடியில் நசுங்குகிறது. வண்டி போன தடத்தில் பயிர் இருக்காது. அந்த இடைவெளியில் குதிரைவாலிப் புல் வந்து நிற்கும். அதனால் பலர் அறுவடைக்குப் பிறகு ரோட்டவேட்டர் ஓட்டி விதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டியதும் ஈரமும் போகிறது, புதைந்திருந்த களை விதையும் மேலே வருகிறது. பயிர் அடர்த்தியாக இருந்த வயலில் களை ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். களைக்கு எதிரான முதல் ஆயுதம் பயிரின் எண்ணிக்கைதான்.

மேழி

தண்ணீர் நிறுத்திக் கோரையைக் கொல்ல டெல்டாவில் முடியும். கரிசல் காட்டில் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. எங்கள் பக்கம் பயிர் மாற்றியதால் ஒழிந்த களை எது என்று கேட்டால் சுடுமல்லியைச் சொல்வேன். முன்பு சோளக்காடுகளில் சிறு பூவோடு நிற்கும். அது வந்த காட்டில் சோளம் தண்ணீர் இருந்தும் வாடியது போலவே நிற்கும். உழுதும் போகவில்லை, பிடுங்கியும் போகவில்லை. பருத்தியும் கடலையும் தொடர்ந்து வைத்த காடுகளில்தான் குறைந்தது. அது ஏன் என்று எனக்குத் தெரியாது, நடந்தது தெரியும்.

வேர்முடிச்சு

மேழி ஐயா, நீங்கள் கண்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. சுடுமல்லி ஒட்டுண்ணி. சோளம், கரும்பு போன்ற பயிர்களின் வேரைப் பற்றிக்கொண்டுதான் அது வாழ முடியும். அதன் விதை தூசியளவு சிறியது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் வேர் இருக்கிறது என்பதற்கான வேதிக் குறிப்பு கிடைத்தால் மட்டுமே அந்த விதை முளைக்கும். பருத்தி, கடலை, தட்டைப்பயறு, சூரியகாந்தி ஆகியவற்றின் வேர்களும் அத்தகைய குறிப்பை வெளியிடுகின்றன. விதை முளைக்கிறது, ஆனால் அந்த வேரில் ஒட்ட முடியாமல் சில நாட்களில் சாகிறது. எந்தக் கலப்பையும் எந்த மருந்தும் இதை இவ்வளவு மலிவாகச் செய்ததில்லை.

வேறு ஓர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை நிமித்தமாக ஹரியானாவின் கர்னால் பகுதியில் சில காலம் இருந்தேன். உழவையும் சுழற்சியையும் களையோடு சேர்த்துப் புரிந்துகொள்ள அந்த வட்டாரத்தைவிட நல்ல பாடம் இந்தியாவில் இல்லை என்பது என் எண்ணம். அங்கே கார் பருவத்தில் நெல், குளிர்காலத்தில் கோதுமை. ஆண்டுக்கு ஆண்டு இதுவேதான். அந்தக் கோதுமைக்குள் குல்லி டண்டா என்று அவர்கள் சொல்லும் ஒரு புல் வரும். நாற்றுப் பருவத்தில் கோதுமைக்கும் அதற்கும் வேற்றுமை காண்பது கடினம். அடித்தண்டைக் கிள்ளிப் பார்த்தால் அதன் தண்டில் செந்நிறம் தெரியும், கோதுமையில் தெரியாது. களையெடுக்கும் பெண்கள் அந்த அடையாளத்தை வைத்தே பிரிப்பார்கள்.

1980கள் முழுவதும் அதற்கு ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தைத்தான் தெளித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கு அது சாகவில்லை. ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அது எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை உறுதிப்படுத்தினார்கள். களை மிகுந்த வயல்களில் கோதுமையைக் கதிர் முற்றும் முன்பே மாட்டுத் தீவனமாக அறுத்துப்போட்ட உழவர்களும் உண்டு. அந்தக் காலத்து ஆய்வுகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒன்று: நெல்லும் கோதுமையும் மட்டும் மாறி வந்த வயல்களில் எதிர்ப்புத்திறன் பரவலாக இருந்தது, பருத்தியோ கரும்போ காய்கறியோ சுழற்சியில் இருந்த வயல்களில் அது மிகவும் குறைவாக இருந்தது. மருந்து ஒன்றுதான், சுழற்சிதான் வேறு. அங்கே பெர்சீம் என்ற தீவனப் பயிரைத் திரும்பத் திரும்ப அறுப்பார்கள்; அதோடு சேர்ந்து குல்லி டண்டாவும் விதை கட்டும் முன் அறுபட்டு மாட்டுக்குப் போய்விடும்.

அதன் பிறகு 1990களின் இறுதியில் புதிய மருந்துகளும் உழவில்லா விதைப்பும் சேர்ந்தே பரவின. நெல் அறுத்த ஈரத்திலேயே, உழாமல், கோதுமையை ஒன்றிரண்டு வாரம் முன்னதாக விதைத்தார்கள். குல்லி டண்டாவின் விதை 10 முதல் 20 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக முளைக்கும். நவம்பர் தொடக்கத்துச் சூட்டில் கோதுமை முளைத்து முந்திக்கொண்டது; மண் கலையாததால் புதைந்திருந்த களை விதையும் மேலே வரவில்லை. உழவைக் குறைத்தால் களை குறையும் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. உழவில்லாக் கோதுமை தொடர்ந்த வயல்களில் காட்டுப் பாலக் என்று அவர்கள் சொல்லும் அகன்ற இலைக் களை பெருகியது. அதன் விதை எடை குறைந்தது. நெல் வயலின் சேற்றுத் தண்ணீரில் மிதந்து, தண்ணீர் வடிந்ததும் மேற்பரப்பில் படியும். உழுதால் புதைந்திருக்கும், உழாததால் அப்படியே முளைத்தது. குல்லி டண்டாவும் பிறகு வந்த மருந்துகளில் சிலவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. கரிசல் உழவன் காட்டில் சாரணை போய்க் கோரை வந்ததும், கர்னாலில் புல் குறைந்து அகன்ற இலை வந்ததும் ஒரே விதியின்படிதான். நாம் தொடர்ந்து எதைச் செய்கிறோமோ அதற்குத் தப்பும் களை மட்டுமே மிஞ்சுகிறது.

தோட்டக்கால்

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? விதைப்பதற்குப் பதினைந்து நாள் முன்பு கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் கோரை, அருகு இரண்டும் வேரோடு போய்விடும். உழவில்லா முறை உலகம் முழுவதும் அந்த மருந்தை நம்பித்தானே நடக்கிறது?

இளவேனில்

உலகம் முழுவதும் அதை நம்பி நடந்தது உண்மை; அதன் விளைவும் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கிளைபோசேட்டுக்கு அடங்காத ரை புல் 1996இல் பதிவானது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், உழாமல் சோயா பயிரிட்ட வயல்களில் எதிர்ப்புத்திறன் பெற்ற கொனைசா என்ற களை 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கொனைசாவின் விதை காற்றில் பறக்கும் அளவு சிறியது. கலையாத மண்ணின் மேற்பரப்பே அதற்குப் போதும். உழவும் இல்லை, மருந்தும் கேட்கவில்லை என்றானதும் அது தடையின்றிப் பரவியது.

மேற்கு ஆஸ்திரேலியர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ரை புல் தன் விதையை அறுவடை வரை கதிரிலேயே வைத்திருக்கும். எனவே அறுவடை இயந்திரத்தின் பின்னால் வெளியேறும் பதரோடு சேர்ந்து வரும் அந்த விதையை நிலத்தில் விழவிடாமல் வண்டியில் பிடித்தார்கள், வரிசையாகக் கொட்டி எரித்தார்கள். ரே ஹாரிங்டன் என்ற உழவர், பதரையும் விதையையும் சேர்த்து அரைத்துச் சிதைக்கும் ஆலை ஒன்றையே வடிவமைத்தார். களைக்கொல்லியால் முடியாததை, விதை மண்ணில் விழும் வாயிலை அடைத்துச் சாதித்தார்கள்.

நம் நாட்டில் கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டதையும் தோட்டக்கால் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கோரையில் கூட, துளிர்த்த செடியோடு இணைந்த கிழங்கை அது கொல்லும். இலையே விடாமல் உறங்கும் கிழங்குக்கு அந்த மருந்து போய்ச் சேர வழியில்லை.

தோட்டக்கால்

உறங்கும் கிழங்கைப் பற்றிச் சொன்னது சரிதான். அடித்த காட்டில் ஒரு மாதத்தில் மறுபடி துளிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயிர்ச்சுழற்சி என்பது சொல்வதற்கு எளிது. உளுந்துக்கும் சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிருக்கும் மக்காச்சோளம் தரும் வருமானம் கிடைக்குமா?

வேர்முடிச்சு

நியாயமான கேள்வி, சுழற்சி பரவாததற்கு அறியாமையைவிடச் சந்தைதான் பெரிய காரணம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே பல ஆண்டுகள் நடத்திய ஒரு வயல் ஆய்வு 2012இல் வெளியானது. மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் மாறும் இரண்டாண்டுச் சுழற்சியோடு, ஓட்ஸ், குதிரைமசால், தீவனப் பயறு வகைகள் சேர்ந்த மூன்று, நான்கு ஆண்டுச் சுழற்சிகளை ஒப்பிட்டார்கள். நீண்ட சுழற்சியில் களைக்கொல்லி மிகவும் குறைவாகவே தேவைப்பட்டது. களை அடங்கியே இருந்தது. மக்காச்சோள விளைச்சல் குறையவில்லை, லாபமும் குறையவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே உழவை முழுவதுமாக விட்டுவிடவில்லை. தேவையான இடத்தில் உழுதார்கள், ஆள் வேலையும் கூடியது.

கரிசல் உழவனின் காட்டுக்கு அந்த ஊர்ப் பயிர்கள் பொருந்தாது. ஆனால் அவரிடமே ஒரு நல்ல பயிர் இருக்கிறது: சின்ன வெங்காயம். களையோடு போட்டி போடத் தெரியாத பயிர் என்பதால் அதில் எல்லாரும் கைக்களை ஒழுங்காக எடுக்கிறார்கள். அந்த உழைப்பின் பலன் அடுத்த மக்காச்சோளத்துக்கும் கிடைக்கும்.

கரிசல் உழவன்

எல்லாருடைய கருத்துகளையும் படித்த பிறகு இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கோடையில் ஒரே ஒரு முறை, காய்ந்த மண்ணில் சட்டிக்கலப்பை போட்டுக் கட்டிகளை வெயிலில் விடுவது. ரோட்டவேட்டர் பக்கமே போவதில்லை. ஆடி மழைக்குத் தட்டைப்பயறோ சணப்போ நெருக்கமாக விதைப்பது. அதன் பிறகு வெங்காயம். அதற்கடுத்து மக்காச்சோளம், தட்டையில் பாதியையாவது நிலத்தில் விட்டு, உழாமல் உளுந்து. இதில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

மேழி

முதல் வரி எனக்கு நிறைவு. கட்டியை உடைக்க அவசரப்படாதீர்கள். கோடை மழை பெய்தால் மறுபடி ஒரு முறை கொக்கிக்கலப்பையால் கிழங்கை மேலே இழுத்துவிடுங்கள். ஈரம் கண்ட கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் திரும்பவும் உயிர் பிடித்துவிடும். ஆடு, மாடு மேய்கிற காடாக இருந்தால் அருகம்புல் கொடிகளைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள். அவை எளிதில் சாகாது.

வேர்முடிச்சு

வரிசை நன்றாக இருக்கிறது. கோரை நிழலுக்கு ஆற்றாத செடி; முழு வெயிலில்தான் கிழங்கு கட்டும். மக்காச்சோளம் இரண்டடி வரிசையில் நிலத்தை மூடுவதற்குள் கோரை தன் வேலையை முடித்துவிடுகிறது. நெருக்கமாக விதைத்த தட்டைப்பயறும் சணப்பும் அதைவிட விரைவில் நிழல் கட்டிவிடும். கோடை உழவில் தப்பிய கிழங்குகள் அந்த நிழலில்தான் துளிர்க்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது மிகச் சரி.

ஓர் எச்சரிக்கை உண்டு. மக்காச்சோளத்துக்கு அட்ரசினைப் பரிந்துரைக்கு மேல் தெளித்து, அந்த ஆண்டு மழையும் குறைந்துவிட்டால், மருந்தின் மிச்சம் அடுத்து வரும் உளுந்தைப் பாதிக்கக் கூடும். உழவு நிலத்தில் மருந்து மண்ணோடு கலந்து நீர்த்துவிடும். உழாத நிலத்தில் அது மேற்பரப்பிலேயே நிற்கும், உளுந்தின் விதையும் அங்கேதான் விழும். சுழற்சியில் பயறு இருக்குமானால், மக்காச்சோளத்துக்கு மருந்தைக் குறைத்து, முப்பதாம் நாளுக்குள் ஒரு கைக்களையோ பவர் வீடரோ சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. சுழற்சி திட்டமிடும்போது பயிரின் பட்டியலோடு மருந்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். களைக்கொல்லியின் சிட்டையில் அடுத்த பயிருக்கான இடைவெளி குறிப்பிட்டிருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள்.

தட்டை விஷயத்தில், பாதியை விட முடியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கையாவது விடுங்கள். கிடை போடுவதாக இருந்தால் விதைப்புக்கு வெகு முன்பே போட்டு, சாணத்தோடும் புழுக்கையோடும் வந்த விதை முதல் மழையில் முளைத்ததும் அதை அழித்துவிட்டுப் பயிரை விதையுங்கள். சீமைக்கருவேல் நெற்றைத் தின்ற ஆடுகள் அதன் விதையைச் சேதமில்லாமல் காட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

கரிசல் உழவன்

மிக்க நன்றி ஐயா. வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரமும் கதிரடிக்கும் இயந்திரமும் ஊர் ஊராகப் போய் வருபவை. அவற்றின் வழியாகவும் களை விதை வருமா?

வடவாற்றங்கரை

கட்டாயம் வரும். எங்கள் பக்கம் வயலுக்குள் இறங்கும் முன்பே, வரப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சல்லடைப் பெட்டியையும் பட்டைச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணையும் தட்டச் சொல்லிவிடுவோம். ஓட்டுநருக்குக் கொஞ்சம் சலிப்புதான், ஆனாலும் கேட்டால் செய்வார்கள். களையில்லாத வயலை முதலில் அறுத்துவிட்டு, களை மண்டிய வயலைக் கடைசியாக அறுக்க வேண்டும். உழவுக் கலப்பைக்கும் இதே கவனம் தேவை. கோரைக்கிழங்கு கொக்கியில் ஒட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போகும்.

அதோடு வரப்பையும் வாய்க்காலையும் பாருங்கள். காட்டுக்குள் எவ்வளவு செய்தாலும், அருகு வரப்பிலிருந்துதான் கொடி ஓடி உள்ளே வரும். கிணற்று வாய்க்காலில் பூத்து நிற்கும் களையின் விதை ஒவ்வொரு பாய்ச்சலிலும் பாத்திக்குள் இறங்கும். நீங்கள் உழாத நிலத்தில் அந்தக் கொடியை அறுக்கக் கலப்பை வராது. ஆகவே, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வரப்போரம் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, உள்ளே நீளும் கொடியைத் துண்டித்துவிடுங்கள்.